கல் முடியும் இடம்

மார்ச் 3, திங்கள்

நோன்பு இரண்டு. இன்றைக்கு நான் உருட்டிய ரோல்ஸை வரிசையாக அடுக்கினால் பலாபத்வலையிலிருந்து மாத்தளை டவுன் வரை போய், அங்கே ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்பி வரலாம். கை இன்னும் உருட்டுகிற மாதிரியே இருக்கிறது. பேனையையும் உருட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வாப்பாவின் ஹோட்டல் கண்டி ரோட்டோரம். பகலில் ஷட்டர் பாதி, அஸர் தொழுகைக்குப் பிறகு எண்ணெய்ச் சட்டி முழு. நான் ஏ.எல். படிக்கிற பிள்ளை என்பது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "அதுக்குத்தான் மகன் ஒனக்கு ரோல்ஸ். படிக்காதவனுக்கு அடுப்பு" என்றார். வாயடிப்பது எங்கள் வீட்டுப் பரம்பரை நோய்.

காலையில் டியூசன் முடிந்து கழகக் கூட்டம். கழகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. டியூசன் கட்டடத்து மாடியில் ஓர் அறை, கொழும்பு வானியல்காரர்களிடம் இரவல் வாங்கிய மூன்று தொலைநோக்கி, தலைவி சுரேகா, செயலாளர் றம்ஸி, தலைவலி நான். மற்றவர்கள் எல்லாம் பிஸ்கட் கொடுத்தால் வருகிற சின்ன வகுப்புப் பிள்ளைகள்.

இந்த மாதம் இருபத்தோராம் திகதி ஒரு கல்லின் நிழல் மாத்தளைக்கு மேலே விழப் போகிறதாம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுகிற பொடிக் கல். "நடுவுல புதன்தானே இருக்கு" என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. நோன்புப் பசியோடு இருக்கிற எனக்கே சிரிக்க முடிகிறது, இவர்களுக்கு என்ன வந்தது?

கல்லின் பெயர் ஹெல்மி. வடக்கே ஏதோ ஒரு குளிர் நாட்டில் ஹெல்மி ஓர்வஸ் என்று ஒரு மனுஷி இருந்தாராம். விஞ்ஞானக் கதைகள் எழுதியவராம். அவர் ஞாபகமாக வைத்த பெயர். நாங்கள் அதை அதே இடத்தில், எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் மாதிரி, 'ஹில்மி நானா' ஆக்கிவிட்டோம்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். நடக்காததை எல்லாம் நடந்த மாதிரிச் சொன்ன மனுஷிக்கு ஆகாயத்தில் கல். அதையே நான் சொன்னால் பள்ளிக்கூட ஒஃபிஸ் வாசலில் முழங்கால். இது என்ன நியாயம்?

மார்ச் 6, வியாழன்

கல்லைப் பார்க்கவே முடியாதாம். அவ்வளவு மங்கல். ஆனால் அன்றைக்கு அது ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும். நட்சத்திரம் ஒன்றிரண்டு செக்கன் அணைந்து திரும்ப எரியும். அவ்வளவுதான் மொத்தக் காட்சியும். உம்மா டீவிக்குக் குறுக்கே போகிற மாதிரி — அப்போதுதான் உம்மா வீட்டில் இருப்பதே எங்களுக்குத் தெரியும்.

(இதை உம்மாவிடமும் சொன்னேன். நோன்பு திறக்கிற நேரம் எல்லோர் கோப்பையிலும் சமோசா இருந்தது. என் கோப்பையில் இல்லை.)

சுரேகாவின் திட்டம்: உக்குவளையில் அவள் வீட்டு மொட்டைமாடி, அலுவிகாரையில் றம்ஸி வீட்டு முற்றம், பலாபத்வலையில் எங்கள் ஹோட்டலின் பின்பக்கம். தெற்கிலிருந்து வடக்காக மூன்று பேர், மூன்று கண். யாருக்கு எப்போது மறைந்தது, எவ்வளவு நேரம் மறைந்தது என்பதை வைத்துக் கல்லின் உருவத்தையே படமாகக் கீறலாமாம். கண்ணை எடுக்கக் கூடாது. பக்கத்தில் போன் ஒலிப்பதிவு செய்துகொண்டிருக்கும். மறைந்தால் "போச்சு", திரும்பினால் "வந்துட்டு" என்று கத்த வேண்டும்.

கத்துவதற்காக என்னை ஒருவர் தேர்ந்தெடுத்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

மார்ச் 9, ஞாயிறு

ஒத்திகை. மூன்று பேரும் அவரவர் இடத்தில், போனில் ஒரே அழைப்பில். நட்சத்திரத்தைத் தேடிப் பிடிக்கவே எனக்குக் கழுத்து ஒடிந்தது. பிடித்த பிறகு என்ன? அது அங்கே இருக்கிறது. நானும் இங்கே இருக்கிறேன். எத்தனை நேரம்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது?

"போச்சு!" என்றேன். ஒரு மூச்சு விட்டு, "வந்துட்டு!"

நல்லாத்தான் செய்தேன். குரல் நடுங்கியது, மூச்சு வாங்கியது, எல்லாம் சரி. சுரேகா நம்பிவிட்டாள். கணக்குப் பிழை, திகதி பிழை, எல்லாம் இன்றைக்கே முடிந்துவிட்டது என்று நினைத்து, தொலைநோக்கி தந்த கொழும்பு மிஸ்ஸுக்கு அழுதுகொண்டே போன்கோல் எடுத்திருக்கிறாள். நான் சிரிப்புப் பொம்மையைப் போட்டு அனுப்பியது அதற்குப் பிறகு.

அவள் அனுப்பிய குரல் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன்.

"இதுக்கு முந்தி ரெண்டு தரம் முகில் வந்து கெடுத்துச்சு. முகிலுக்குக்கூட ஒரு வெக்கம் இருக்கு பஸ்லி, கலைஞ்சு போயிரும். நீ போகவும் மாட்டே. இனிமே உன் வாயில வர்ற எதையும் நான் எழுத மாட்டேன். கேட்டுக்கோ."

கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

என்னை மாற்ற ஆள் இல்லை. பலாபத்வலையில் தொலைநோக்கி வைக்கத் திறந்த வெளியான இடமும் வேறு இல்லை. அதனால் இருக்கிறேன். கழகத்தில் நான் ஒரு முற்றம், அவ்வளவுதான்.

மார்ச் 16, ஞாயிறு

தினமும் நோன்பு திறந்து, மஃரிப் தொழுது, கஞ்சிக் கோப்பையை வைத்த கையோடு பின்னால் போகிறேன். நட்சத்திரத்தைப் பிடிக்க இப்போது அவ்வளவு நேரம் எடுப்பதில்லை. சமோசா மடிக்கிற மாதிரி — கைக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நம்பவா போகிறார்கள்?

வாப்பாவுக்கு மட்டும் தெரியும். தெரிவதால் பிரயோசனம் இல்லை. "ஆகாயத்துல என்னத்தடா தேட்றே? உள்ள ஆளில்லாமக் கெடக்கு."

மார்ச் 20, வியாழன்

முகில். பின்னேரம் முழுக்க முகில். சுரேகா குழுவில் ஒரு சொல்கூடப் போடவில்லை. நானும் பகிடி விடவில்லை. உதட்டு நுனி வரை ஒன்று வந்தது, விழுங்கிவிட்டேன். நோன்பு முறிந்திருக்குமோ?

மார்ச் 21, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும். தூக்கம் கண்ணைப் பிடுங்குகிறது, பரவாயில்லை.

வானம் துடைத்து வைத்த மாதிரி. வெள்ளிக்கிழமை, கடையில் கூட்டம். நோன்பு திறந்தவர்கள் எல்லாம் தராவீஹ் தொழுகைக்குப் போகுமுன் ஏதாவது கடிக்க வந்திருந்தார்கள். நான் வாப்பாவிடம் முன்னமே சொல்லியிருந்தேன். இன்றைக்கு மட்டும், இஷா தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் மட்டும். "சரி, சரி" என்றார். வாப்பா "சரி, சரி" என்று இரண்டு தரம் சொன்னால் அது காதில் விழவில்லை என்று அர்த்தம்.

நட்சத்திரத்தைப் பிடித்தேன். போனை வைத்தேன். கண்ணை ஒட்டினேன்.

நேரம் நெருங்க நெருங்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு கண்ணை மூடி மற்றதால் பார்ப்பது லேசு என்று நினைக்கிறவர்கள் செய்து பார்க்கட்டும். இமைப்பதற்குப் பயந்து இமையை விரலால் பிடித்துக்கொண்டேன்.

"பஸ்லி!" வாப்பா. "சட்டியப் பாரு!"

நட்சத்திரம் இருந்தது.

"பஸ்லி! எங்கடா ஈக்கிறே?"

இருந்தது.

மூன்றாவது தரம் கூப்பிட்டபோது முழுப் பெயரும், பரம்பரையும், சில மிருகங்களும் வந்தன. நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் ஒலிப்பதிவில் என் குரல் வரும், அது மறைந்ததற்காகக் கத்தியது என்று குழம்பும். நட்சத்திரம் இருந்தது. இருந்தது. சொன்ன நேரம் வந்தது, போனது. இன்னும் இருந்தது. கொஞ்சம்கூட மங்கவில்லை. எங்கள் ஹோட்டல் டியூப் லைட்டைவிட ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது.

கருகல் வாசம் வந்தது. அப்போதும் எடுக்கவில்லை. கணக்கு முன்பின் ஆகலாம் என்று சுரேகா சொல்லியிருந்தாள். பாங்கு கேட்டது. வாப்பாவின் கை என் காதைத் தேடி வந்து பிடித்தது.

பிறகுதான் போனைப் பார்த்தேன்.

சுரேகா: "பாத்தேன்!! போய் வந்துச்சு!! அழுகை வருது."
றம்ஸி: "எனக்கும்! சின்னதா, ஆனா மறைஞ்சிச்சு!"
சுரேகா: "பஸ்லி?"

"நானும்" என்று அடித்தேன். உண்மையாகவே அடித்தேன். ஒரு விரல்தான், அனுப்பினால் முடிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு தட்டு ரோல்ஸ் கருகியதற்கும் ஒரு அர்த்தம் இருந்திருக்கும்.

அழித்துவிட்டு எழுதினேன்: "எனக்கு மறையல."

பிறகு அவள் ஒரு சொல் அனுப்பினாள்.

"தெரியும்."

மார்ச் 22, சனி

கழக அறை. சின்னப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு என் ஒலிப்பதிவைப் போட்டாள். எண்ணெய் சீறுகிற சத்தம். யாரோ "ரெண்டு ரோல்ஸ், ஒரு பிளேன்டீ" என்கிறார். பிறகு வாப்பா. பிறகு வாப்பா. பிறகு வாப்பாவின் அந்த மூன்றாவது. அதற்குப் பிறகு, பாங்குக்கு முன்னமே பதிவு முடிகிற வரை, எண்ணெய் மட்டும்.

"உங்க வாப்பா கூப்பிட்டாங்க. நீ எழும்பிப் போயிட்டே" என்றாள்.

"போகல."

"போகலேன்னா ஏன் பதில் சொல்லல? எந்தப் புள்ளையாவது மூணு தரம் கூப்பிட்டும் வாய் திறக்காம இருக்குமா? அதுவும் நீ? வாய் மூடி நான் பாத்ததே இல்ல."

"சத்தம் போட்டா பதிவு கெட்டுரும்னு நீதானே சொன்னே."

"நான் சொன்ன எதைடா நீ கேட்டிருக்கே?"

றம்ஸி மேசையில் ஒட்டியிருந்த பழைய ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவன் எப்போதும் அப்படித்தான். சண்டை என்றால் தளபாடங்களைப் பராமரிப்பான்.

மாதக் கடைசிக்குள் கொழும்புக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். கணினியில் அவள் அடிப்பதைப் பின்னால் நின்று பார்த்தேன். உக்குவளை, மறைந்தது. அலுவிகாரை, மறைந்தது. பலாபத்வலை, அவதானிக்கப்படவில்லை.

"இது பிழை" என்றேன். "அவதானிச்சேன். மறையல. அது ரெண்டும் வேற."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"உனக்கு ஒண்ணா இருக்கட்டும். கல்லுக்கு வேற. நான் இல்லாத மாதிரி எழுதாத சுரேகா. நான் இருந்தேன். நட்சத்திரமும் இருந்துச்சு."

அவள் திரும்பவில்லை. கோபமாக இருந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். கோபம் இல்லை. களைத்துப்போய் இருந்தாள். "நான் உன்னை நம்பி அனுப்பி, அது பிழையாப் போனா இனிமே யாரும் எங்ககிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாங்கடா" என்றாள். "ஒண்ணும் எழுதாம விட்டா அந்தப் பயம் இல்ல."

பஸ்ஸில் வரும்போது நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பலாபத்வலையையும் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி நடந்து வந்தேன். நோன்போடு.

மார்ச் 24, திங்கள்

றம்ஸி கோல் எடுத்தான். "மச்சான், லேசான வேல. நீயும் பாத்தேன்னு சொல்லிரு. முதல்ல பகிடிக்கு இல்லேன்னு சொன்னேன்னு சொல்லு. உன்கிட்ட அதைத்தானே எதிர்பாக்கிறாங்க. எங்க ரெண்டு பேருட நேரத்தையும் பாத்து உனக்கும் ஒரு நேரம் போட்டுக்கலாம். அவளும் சந்தோஷம், நீயும் உள்ள."

நல்ல பிள்ளை றம்ஸி. மாணவத் தலைவன். காலையில் எங்கள் கொலர், நகம் எல்லாம் பார்த்துப் பெயர் எழுதுகிறவன்.

"பாக்கலியேடா" என்றேன்.

"அது எனக்கும் உனக்கும் தெரியும். கல்லு வந்து சொல்லப் போகுதா?"

வைத்துவிட்டேன்.

இதில் என்ன வேடிக்கை என்றால், பொய் சொன்னால் நம்ப எல்லோரும் தயாராக இருக்கிறார்கள். பகிடி என்றால் மன்னிக்கவும் தயார். இந்த ஒன்றைத் தவிர எதை வேண்டுமானாலும் நான் சொல்லலாம்.

மார்ச் 25, செவ்வாய்

களைப்பு. ரோல்ஸ், கட்லட், களைப்பு. வாப்பா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கருகிய தட்டு இரண்டாம் பட்சம். வந்த ஆட்கள் முன்னால் கூப்பிட்டும் மகன் வரவில்லை என்பதுதான் அவருக்குக் குறை. நோன்பு திறக்கிற நேரம் பேரீத்தம்பழத்தை என் பக்கம் தள்ளிவிடுகிறார், அவ்வளவு. வாப்பாவுக்கு நான் அசையவில்லை என்று கோபம், சுரேகாவுக்கு நான் அசைந்துவிட்டேன் என்று கோபம். இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் நான் தப்பலாம். எங்கே நடக்கப் போகிறது?

படுத்துக்கொண்டு அந்த ஹெல்மி ஓர்வஸை நினைத்தேன். அவர் எழுதியதில் ஒன்றுகூட நடந்ததில்லை. எல்லோருக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும். அந்தப் பெயருக்கு ஒரு கல், கல்லுக்கு ஒரு நிழல், நிழலைப் பிடிக்க நாங்கள். நான் பார்த்தது நடந்தது. அதற்கு ஒரு வரி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உம்மா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "என்ன மகன், ரெண்டு நாளா பேச்சே இல்ல? காச்சலா?"

"இல்ல உம்மா. மௌன விரதம். நோன்புக்கு மேல ஒரு நோன்பு."

"பேசுறியே" என்று போய்விட்டார். தோற்றேன்.

மார்ச் 27, வியாழன்

அஸருக்குப் பிறகு வாசலில் த்ரீவீல். சுரேகா. தொலைநோக்கியை எடுத்துப்போக வந்திருந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். கடைக்காரனுக்கு அசைக்கிற மாதிரி.

நான் பெட்டியை எடுக்கப் பின்னால் போனேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் வாப்பாவின் குரல்.

"மகள், நீங்களா இவனுக்கு இந்தக் குழாயக் குடுத்தது?"

"ஓம் அங்கிள்."

"கொண்டு பெய்த்துருங்க. பெருநாளைக்கு முந்தி கொண்டு பெய்த்துருங்க. அண்டைக்கி வெள்ளிக்கெழம கட நெறய ஆளு. மூணு தரம் கூப்புட்டேன். தலையத் திருப்புறானா? ஒரு தட்டு ரோல்ஸ் கரி!"

பெஞ்ச் இழுபடுகிற சத்தம்.

"எழும்பி வரலையா அங்கிள்?"

"எங்க எழும்புறது? கண்ணு அதுல ஒட்டிக் கெடக்கு. இமய வேற வெரலால புடிச்சிட்டு ஈக்கிறான், பைத்தியக்காரன் மாதிரி. நாந்தான் பெய்த்து காதப் புடிச்சு எழுப்பினேன். அது இஷா பாங்கு சொல்லக்குள்ள."

நான் பெட்டியோடு வெளியே வந்தபோது அவள் பெஞ்சில் உட்கார்ந்து போனில் என்னவோ அடித்துக்கொண்டிருந்தாள். வாப்பா அவள் முன்னால் ஒரு கட்லட்டை வைத்திருந்தார். எனக்கு ஆறு நாளாகக் கிடைக்காத முகத்தையும் சேர்த்து.

போனை என் பக்கம் திருப்பினாள். பலாபத்வலை: அவதானிக்கப்பட்டது. நட்சத்திரம் மறையவில்லை. கீழே என் பெயர், முழுப் பெயர்.

"அனுப்பிட்டேன்" என்றாள்.

"சொரி சொல்ல மாட்டியா?"

"மாட்டேன். ஒத்திகைக்கு நான் அழுதது இருக்கே. அதுவும் இதுவும் சரியாப் போச்சு." கட்லட்டைக் கடித்தாள். பிறகு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "கண்ணு வலிச்சிருக்குமேடா" என்றாள்.

"இல்ல" என்றேன். அது மட்டும் பொய்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். தொழுதுவிட்டு வந்து நண்பகல் வரை தூங்கினேன். வாப்பா எழுப்பவில்லை.

ஏப்ரல் 9, புதன்

படம் வந்துவிட்டது. கொழும்பு மிஸ் அனுப்பியது. ஒரு பக்கம் சப்பையான உருளைக்கிழங்கு. அதுதான் ஹெல்மி. குறுக்கே மூன்று கோடு. சுரேகாவின் கோடு வயிற்றைக் கிழித்துப் போகிறது. றம்ஸியின் கோடு தலைப்பக்கம் கொஞ்சமாக வெட்டுகிறது. என்னுடையது எதையும் தொடாமல், தலைக்கு மேலே, முடியை உரசுகிற மாதிரிப் போகிறது. வடக்கு ஓரம் எங்கே என்று உறுதியாகத் தெரிவது பலாபத்வலையால்தான் என்று மிஸ் எழுதியிருக்கிறார்.

"நீயும் பாத்தேன்னு சொல்லியிருந்தா இந்தக் கல்லுக்கு இங்க ஒரு கொம்பு முளைச்சிருக்கும்" என்றாள் சுரேகா.

"கொம்பு முளைச்சா அதுக்கு உன் பேர்தான் வச்சிருப்பாங்க."

அடித்தாள். புத்தகத்தால், தடித்த புத்தகம். நல்ல அறிகுறி.

றம்ஸி படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மிச்ச ஸ்டிக்கரைச் சுரண்டினான். மேசை சுத்தமாகிவிட்டது.

வீட்டில் காட்டினேன். உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கல்லுக்கு வெளியிலதானே மகன் ஒன்ட கோடு போகுது?"

"அதுதான் உம்மா விசேஷம். கல் எங்க முடியுதுன்னு சொன்னது நான்."

"அதச் சொல்றதுக்கா ஒரு தட்டு ரோல்ஸக் கருக்கினே?"

வாப்பா பத்திரிகைக்குப் பின்னாலிருந்து சிரித்தார். பத்திரிகை ஆடியது, அதனால் தெரியும்.

ஏப்ரல் 19, சனி

தொலைநோக்கிகளைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்புமுன் துடைத்துக் கட்டுவதற்காக எல்லோரும் அலுவிகாரையில் றம்ஸி வீட்டில். சின்னப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். சுரேகா வீட்டுப் புத்தாண்டுப் பலகாரம் என்றால் விஞ்ஞான ஆர்வம் தானாக வரும். கட்டி முடிக்கப் பின்னேரம் ஆகிவிட்டது. லேசாகத் தூறல். டவுன் அறை வரை பெட்டிகளைக் கொண்டுபோக வேண்டும். பெரிய பெட்டி வழக்கம்போல என் தலையில்.

பஸ் ஹோல்ட்டில் எல்லோரும் சுமையை இறக்கிவிட்டு நின்றார்கள். பஸ் போய்விட்டதா என்று நான் டவுன் பக்க வளைவு வரை போய்ப் பார்த்தேன். அது நாங்கள் வருமுன்னமே போய், தூரத்தில் சிவப்பு லைட்டாகச் சின்னதாகிக்கொண்டிருந்தது. அடுத்தது எப்போது என்று அதற்கே தெரியாது.

திரும்பி வந்து, "பஸ் போயிட்டு" என்றேன்.

சுரேகா பையைத் தோளில் போட்டாள். றம்ஸி ஒரு பெட்டியைத் தூக்கினான். எல்லோரும் டவுன் பக்கமாக நடக்கத் தொடங்கினார்கள். ஒரு சின்னப் பிள்ளை மட்டும் நின்று, "அக்கா, மெய்யாவே போயிட்டா?" என்று கேட்டது.

"பஸ்லிதானே பாத்துட்டு வந்தான்" என்றாள் சுரேகா, திரும்பாமலே. "நட."

நான் அங்கேயே நின்றேன். ஒருத்தர்கூட வளைவு வரை போய் எட்டிப் பார்க்கவில்லை. எவ்வளவு பெரிய சந்தர்ப்பம்! ஒரு சொல்லில் ஒரு கழகத்தையே மழையில் நடக்க வைக்கலாம், அதுவும் இப்படி மெய்யாகப் பஸ் போன நாளிலா வர வேண்டும்?

பெட்டியைத் தூக்கினேன். தோள் வலித்தது, தூக்கம் வந்தது. அவர்களுக்குப் பின்னால் நடந்தேன்.